புனுகும் தோலும்: வடார்க்காட்டில் விலங்குவழி நறுமணப் பொருளின் வரலாறு

1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்படும் வரை திருமலை திருப்பதி வடார்க்காடு மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. அதே மாவட்டத்தில்தான் வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய தோல் ஊர்களும் இருந்தன. மாவட்ட எல்லைகள் திருத்தப்பட்ட அந்த ஆண்டில் திருப்பதி வெளியே சென்றது. சேலம் மாவட்டத்திலிருந்து வாணியம்பாடியை உள்ளடக்கிய திருப்பத்தூர் வட்டம் உள்ளே வந்தது. வடார்க்காட்டைத் தோல் மாவட்டமாகவே இன்று நாம் நினைத்துக்கொள்வதில் இந்த எல்லை மாற்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதற்கு முந்தைய நிலையை எண்ணிப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. ஒரே ஆட்சியரின் அதிகார எல்லைக்குள் ஒருபுறம் விலங்கின் சுரப்பு ஒன்று தெய்வத்தின் திருமேனியில் பூசப்பட்டது. மறுபுறம் விலங்கின் தோலைத் தொட்டவர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்.

இவ்விரண்டையும் தமிழ் ஆய்வுலகம் தனித்தனியாகவே பார்த்து வந்துள்ளது. புனுகு கோயில் வழிபாடு, சித்த மருத்துவம் ஆகியவற்றின் பக்கம் சென்றுவிட்டது. தோல் பொருளாதார வரலாற்றின் பக்கமும், அண்மைக் காலத்தில் சுற்றுச்சூழல் ஆய்வின் பக்கமும் சென்றுவிட்டது. உலகின் பிற பகுதிகளில் இவை இரண்டும் ஒரே பட்டறையில் சந்தித்தவை. பிரான்சில் தோல் கையுறை செய்வோரும் நறுமணம் செய்வோரும் ஒரே தொழிற்குழுவினராக இருந்தனர். இங்கு அந்தச் சந்திப்பு ஏன் நிகழவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

பெயரும் பொருளும்

புனுகு என்பது பேச்சிலும் எழுத்திலும் இன்று நிலைத்துள்ள வடிவம். நிகண்டுகளும் பழைய உரைகளும் புழுகு என்னும் வடிவத்தையே மிகுதியும் அறியும். நானம், நாவி என்னும் சொற்கள் கத்தூரிக்கும் புழுகுக்கும் பொதுவாக ஆளப்பட்டுள்ளன. இதனால் பழந்தமிழ்ப் பாடல்களில் நானம் வருமிடங்களில் எந்த விலங்கின் மணம் குறிக்கப்படுகிறது என்பதை உரையாசிரியரின் காலத்தையும் கருத்தில் கொண்டே முடிவு செய்ய வேண்டும். கத்தூரி இமயமலைப் பகுதியின் கத்தூரி மானிலிருந்து கிடைப்பது. அது தமிழகத்துக்கு எப்போதும் இறக்குமதிப் பொருள். புனுகு அப்படியன்று. அதைத் தரும் சிறிய புனுகுப் பூனை (விவெரிக்குலா இண்டிகா) நம் புதர்க்காடுகளிலும் மலையடிவாரங்களிலும் வாழும் உள்ளூர் விலங்கு. பனை, தென்னைகளில் ஏறித் திரியும் மரநாயை மக்கள் சில இடங்களில் புனுகுப்பூனை என்று சொல்லிவிடுகின்றனர். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை எனினும் நறுமண வணிகத்துக்குரிய புனுகைத் தருவது மரநாய் அன்று. களஆய்வில் தகவல் திரட்டுவோர் இவ்வேறுபாட்டைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

புனுகைப் பூனையின் வியர்வை என்றும் சிறுநீர் என்றும் கூறும் வழக்கம் உண்டு. உண்மையில் அது ஆண், பெண் இரண்டிலும் பிறப்புறுப்புக்கு அருகிலுள்ள பை போன்ற சுரப்பியில் ஊறும் நெய்ப்பொருள். விலங்கு தன் இருப்பிடத்தை உணர்த்த அதை மரத்திலும் கல்லிலும் தேய்க்கிறது. இவ்வியல்பைப் பயன்படுத்தியே தென்னிந்தியாவில் புனுகு எடுக்கப்பட்டது: கூண்டுக்குள் ஒரு மரக்கட்டையை, கோயில் சார்ந்த இடங்களில் சந்தனக் கட்டையை, நட்டுவைப்பர், பூனை அதில் உரசிச் செல்லும், படிந்ததை வழித்தெடுப்பர். எத்தியோப்பியாவில் விலங்கைக் கூண்டில் அசையவிடாது பிடித்துச் சில நாள்களுக்கு ஒருமுறை சுரப்பியிலிருந்தே கரண்டியால் சுரண்டி எடுத்து, மாட்டுக் கொம்புகளில் அடைத்து ஏற்றுமதி செய்தனர். உலகச் சந்தைக்கு வந்த புனுகின் பெரும்பகுதி அவ்வாறு வந்ததே. முறை வேறாயினும் கூண்டு பொதுவானது. உள்ளூர் முறை விலங்குக்குத் துன்பமற்றது என்று எழுதிவிடுவது எளிது. இரவில் தனித்துத் திரியும் ஓர் உயிரை வாழ்நாள் முழுவதும் அடைத்து வைப்பதைத் துன்பமின்மை என்று சொல்ல இயலாது.

புதிதாக எடுத்த புனுகு வெளிர்மஞ்சளாக, வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும், காற்றுப்பட்டுப் பழுப்பாகும். அந்த நிலையில் அதன் நாற்றம் மலத்தை நினைவூட்டும். மிகச் சிறிய அளவில் எண்ணெயிலோ சாராயத்திலோ கரைத்த பின்னரே அது மணமாகிறது. மற்ற மணங்களை நெடுநேரம் பிடித்து நிறுத்தும் ஆற்றலும் அப்போதுதான் வெளிப்படுகிறது. தமிழில் நாற்றம் என்ற சொல் முன்பு நறுமணத்தையே குறித்துப் பின்னர் தீய மணத்துக்குரியதாக இழிந்தது. புனுகு அதற்கு நேர்மாறான வழியில் சென்ற பொருள்.

சவ்வாது (ஜவ்வாது) என்னும் சொல் இங்குத் தனிக் கவனம் பெற வேண்டியது. அரபியில் புனுகுக்கு ஸபாத் என்று பெயர். இத்தாலியில் ஸிபெட்டோ, பிரெஞ்சில் சிவெத் என வழங்கும் சொற்கள் இதிலிருந்து பிறந்தவை. நம் சவ்வாதையும் இச்சொல்லோடு இணைத்துப் பார்ப்பதில் ஒலியும் பொருளும் துணைநிற்கின்றன. புனுகைச் சேர்த்துக் கூட்டிய வாசனைப் பொருளுக்கு உரியதாக அது தமிழில் நிலைபெற்றது. இன்று கடைகளில் சவ்வாது என்று சிறு குப்பிகளில் விற்கும் தூளில் புனுகு இருப்பதாக எண்ண வேண்டியதில்லை.

வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களுக்குத் தென்கிழக்கே நீண்டு கிடப்பது ஜவ்வாது மலை. புனுகுப் பூனை வாழ்வதற்குரிய காடு இது. சந்தனம் விளையும் மலையும் இதுவே. ஆகவே நறுமணப் பொருளின் பெயரே மலைக்கு அமைந்தது என்று சொல்லிவிட மனம் விரைகிறது. ஒலியொப்புமையை மட்டும் கொண்டு அவ்வாறு முடிவு கட்டுவது முறையன்று. ஜவாத் என்பது வள்ளல் என்னும் பொருளில் அரபியில் வழங்கும் ஆட்பெயராகவும் உள்ளது. சேதுபதி அவையில் சிறப்புற்ற எமனேசுவரம் சவ்வாதுப் புலவரின் பெயருக்கும் இரண்டு விளக்கங்களும் பொருந்தும். ஆம்பூரின் பெயரை அம்பர் என்னும் திமிங்கில மணப்பொருளோடு இணைப்பது இன்னும் வலுவற்றது. நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் இவ்வூரை ஆமையூர் என்றே குறிக்கின்றன. அந்நடுகற்கள் நிரை மீட்டலில் பட்ட வீரர்க்கு எடுக்கப்பட்டவை என்பது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பெயரில் மணம் இல்லாவிட்டாலும், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே மாடு உயிரைக் கொடுத்துக் காக்கும் செல்வமாக அந்த ஊரில் இருந்தது.

மலை தந்த பொருள்களைப் பெயரைவிட உறுதியான சான்றாகக் கொள்ளலாம். மணத்துக்குரிய சந்தனமும், தோலுக்குரிய கடுக்காயும் கொன்றைப்பட்டையும் இம்மலைகளிலிருந்தே இறங்கின. மலைச்சரிவின் ஒரே ஒற்றையடிப்பாதையில் இரு தொழில்களுக்குமான மூலப்பொருள்கள் வந்தன. சமவெளியில் அவை பிரிந்தன.

திருமேனியில் புனுகு

திருமலையில் வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்துக்குப் பின் மூலவருக்குப் புனுகு சாத்தப்படுகிறது. திருவொற்றியூரில் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கும் ஆதிபுரீசுவரர் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்கள் மட்டும் கவசமின்றிக் காட்சி தருவார். அப்போது புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்படும். மயிலாடுதுறையை அடுத்த கூறைநாட்டில் இறைவனின் பெயரே புனுகீசுவரர். புனுகுப் பூனை ஒன்று தன் மணத்தைச் சிவனுக்குச் சாத்தி வழிபட்டு உயர்நிலை எய்தியது என்பது அத்தலத்தின் புராணம். இக்கதையில் மனிதக் கை இல்லை என்பது நோக்கத்தக்கது. கூண்டு இல்லை, வழித்தெடுப்பவர் இல்லை, விற்பவர் இல்லை. விலங்கு தானே வந்து தானே பூசுகிறது. பொருளின் தூய்மையைக் காக்க, அதை உண்டாக்கிய உழைப்பைக் கதை மறைத்துவிடுகிறது.

1801 முதல் 1843 வரை திருமலைக் கோயிலின் நிர்வாகம் வடார்க்காட்டு ஆட்சியரின் மேற்பார்வையில் இருந்தது. 1821இல் வகுக்கப்பட்ட புரூஸ் நெறிமுறை கோயில் நடைமுறைகளைச் சட்டக்கூறுகள் போல எழுதி வைத்தது. 1843இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் சென்றது. 1933இல் தேவஸ்தானம் அமைந்தது. ஆட்சி மாறியபோதும் வெள்ளிக்கிழமைப் புனுகு நின்றுவிடவில்லை. அதற்கென்றே திருப்பதியில் தேவஸ்தானக் கோசாலையில் புனுகுப் பூனைகள் வளர்க்கப்பட்டு வந்தன.

வெளிநாட்டார் குறிப்புகளில் விசயநகரக் காலத்து நறுமணப் பழக்கம் நன்கு பதிவாகியுள்ளது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த துவார்த்தே பார்போசா, மக்கள் சந்தனம், அகில், கற்பூரம், கத்தூரி, குங்குமப்பூ ஆகியவற்றை அரைத்துப் பன்னீரில் குழைத்துப் பூசிக்கொள்வதை எழுதுகிறார். அரண்மனை உடலும் தெய்வ உடலும் ஒரே கலவைகளால் மணந்தன. தெய்வத்துக்குரிய உபசாரங்கள் அரசனுக்குரிய உபசாரங்களின் வார்ப்பில் அமைந்தவை என்ற பழகிய கருத்துக்குப் புனுகும் ஒரு சான்று.

இலண்டனுக்குச் சென்ற தோல்

தோல் ஊர்களின் வளர்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியைச் சேர்ந்தது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட சிறுமாட்டுத் தோல் ஈஸ்ட் இந்தியா கிப்ஸ் என்ற பெயரில் இலண்டன் ஏலச் சந்தையில் அறியப்பட்டது. தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் நீக்கி, சதை வழித்து, பட்டைச் சாற்றில் பல நாள் கிடத்துவர். ஆவாரையில் பதமான தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்க இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் இடுவர். பின்னர் எண்ணெய் தடவி உலர்த்துவர். இத்தனை நுட்பம் இருந்தும் அது அரைகுறைத் தோலாகவே கப்பலேறியது. சாயமேற்றுதல், மெருகிடுதல், காலணியாக்குதல் எல்லாம் அங்கே நடந்தன. 1904இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத் தோல் தொழிலைப் பற்றி எழுதிய ஆய்வேடு, இத்தொழில் எந்தக் கட்டத்தோடு நின்றுவிட்டது என்பதை அறிய இன்றும் உதவுகிறது. குரோம் முறையை இங்கு அறிமுகப்படுத்த முனைந்தவரும் அவரே. முதல் உலகப் போரில் படைவீரர் காலணிக்காகக் கிப்ஸ் தோலை அரசே வாங்கியது. தேவை பெருகியதேயன்றி நிறைவுத்தொழில் இடம்பெயரவில்லை.

நறுமணம் சேர்வது நிறைவுக் கட்டத்தில்தான். பிரான்சின் கிராஸ் நகரத்தைப் பார்த்தால் இது விளங்கும். அதுவும் தோல் ஊராகத்தான் தொடங்கியது. சுண்ணாம்பும் சாணமும் கலந்த வாடை கையுறையில் ஒட்டியிருந்ததால் அதை மறைக்கப் பூக்களையும் கத்தூரி, புனுகு, அம்பர் ஆகிய விலங்குவழிப் பொருள்களையும் நாடினர். 1614இல் பதின்மூன்றாம் லூயி கையுறை – நறுமணத் தொழிலர் என்ற இணைப்பெயருக்கு அரச ஏற்பு வழங்கினார். ஸ்பெயின் தோல் என்று புகழ்பெற்ற பண்டத்தில், மென்தோலைப் பூவெண்ணெய்களில் ஊறவைத்துப் புனுகும் கத்தூரியும் சேர்ந்த குழம்பைத் தடவினர். பதினெட்டாம் நூற்றாண்டில் தோல் மீதான வரி ஏறியபோது கிராஸ் தோலை விட்டுவிட்டு மணத்தை வைத்துக்கொண்டது. இன்று அந்நகரம் உலகின் நறுமணத் தலைநகரமாக அறியப்படுகிறது; அதன் தோல் தொட்டிகளை நினைவில் கொள்வோர் சிலரே.

ஆம்பூருக்கு அந்த வாய்ப்பு அமையாமைக்கு முதற்காரணம், ஆகவே, பொருளியல் சார்ந்தது. தோலின் மணம் யாரை உறுத்துகிறதோ அவரிடம் செல்லும் முன்பே தோல் இவ்வூரைவிட்டுப் போய்விட்டது. கச்சாத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று சீதாராமையா குழு 1972இல் பரிந்துரைத்து, அதன்பின் கட்டுப்பாடுகள் வந்த பிறகே நிறைவுத்தோலும் காலணியும் இங்குப் பெருமளவில் உருவாயின. அப்போது தோலுக்கு மணமூட்டும் வேலையை வேதிப்பொருள்கள் ஏற்றுக்கொண்டிருந்தன.

தூய்மை யாருடையது

பொருளியல் விளக்கம் மட்டும் போதாது. உள்ளூர்ச் சந்தைக்கென்று செருப்பும் சேணமும் தோற்பையும் எப்போதும் செய்யப்பட்டு வந்தன. அவற்றிலும் புனுகு ஏறவில்லை. விலை ஒரு தடை என்பர். அரசருக்கும் செல்வருக்கும் செய்த பொருள்களில் விலை தடையாக இருந்திருக்காது. இங்குச் சாதியின் தூய்மைக் கோட்பாட்டைத் தவிர்த்துவிட்டு மேலே செல்ல இயலாது.

விலங்கிலிருந்து வந்தது என்பதால் தோல் தீட்டு என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். அப்படியாயின் புனுகும் கத்தூரியும் தீட்டாக வேண்டும். இறந்த உடலிலிருந்து வந்தது என்பது அடுத்த காரணம். கத்தூரி மானைக் கொன்றே மரபாகக் கத்தூரி எடுக்கப்பட்டது. கோரோசனை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அது மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். மாடு இறந்து, அதன் வயிற்றை ஒருவர் அறுத்த பின்னரே அது கைக்கு வரும். அதாவது தோலும் கோரோசனையும் ஒரே உடலிலிருந்து, ஒரே கத்தியால், பெரும்பாலும் ஒரே மனிதரின் கையால் பிரிக்கப்படுபவை. பிரிந்த பின் கோரோசனை இயந்திரம் எழுதவும் திலகமிடவும் குழந்தைக்கு மருந்தாக உரைத்துக் கொடுக்கவும் வீட்டுக்குள் செல்கிறது. தோலும் அதை உரித்தவரும் வெளியே நிற்கின்றனர். நாற்றம்தான் காரணம் என்பாரும் உளர். பச்சைப் புனுகின் நாற்றத்தை அறிந்தவர் அதை ஏற்கமாட்டார். தோல் என்ற பொருளே விலக்கப்பட்டது என்பதும் சரியன்று: உபநயனத்தில் பூணூலோடு மான்தோல் கட்டப்படுகிறது; மிருதங்கமும் தவிலும் கோயிலுக்குள் ஒலிக்கின்றன.

எஞ்சுவது ஒன்றே. பொருளைவிடப் பொருளோடு கூட வந்த ஆளை வைத்தே தூய்மை அளக்கப்பட்டது. புனுகு தோலா, குன்றிமணி எடையில், பல கை மாறி, செட்டியின் கடையில் சிமிழில் அடைபட்டு வந்தது. அதைப் பிடித்தவரும் வழித்தவரும் எங்கோ இருந்தனர். தோல் அவ்வாறு பெயர் தெரியாமல் வர இயலாது. அதன் எடையும் ஈரமும் அதைச் சுமப்பவரை ஊரின் கண்முன்னே நிறுத்தின. பறையர், அருந்ததியர் சமூகத்தினரின் உழைப்பே இத்தொழிலைத் தாங்கியது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்களின் உடல் அனுபவத்தைத் தமிழ் ஆய்வைவிடப் புனைகதையே முந்திப் பேசியது. திண்டுக்கல் தொழிலாளரைக் களமாகக் கொண்ட டி. செல்வராஜின் 'தோல்' நாவல் (சாகித்திய அகாதமி விருது, 2012) அதற்குச் சான்று.

இதே நிலத்தில் வேறொரு தூய்மை நெறியும் இயங்கியது. இசுலாமியச் சட்ட மரபில், பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கும். விலக்குகளில் பள்ளிகளிடையே வேறுபாடு உண்டெனினும் மாடு, ஆடு ஆகியவற்றின் தோல் குறித்துச் சிக்கல் இல்லை. கத்தூரி நறுமணங்களில் சிறந்ததாகப் போற்றப்படுகிறது. ஆக இந்நெறியில் தோலும் விலங்குவழி மணமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களில் தோல் வணிகமும் பதனிடும் சாலைகளும் பெருமளவு முசுலிம் வணிகர் கைக்கு வந்ததற்கு முதலீடு, கடல்வணிகத் தொடர்பு, உறவுவழிக் கடன் ஆகியவை காரணங்களாகக் காட்டப்படுகின்றன. அவற்றோடு இந்தச் சமயச் சட்ட நிலைப்பாட்டையும் சேர்த்து எண்ண வேண்டும். தோல் மண்டியில் கணக்குப் பார்த்துவிட்டு அத்தர் பூசித் தொழுகைக்குச் செல்வதில் அவ்வணிகருக்கு முரண் ஏதுமில்லை. ஆயினும் இந்நெறி உடைமையாளரின் தடையை நீக்கியதே தவிர, தொட்டிக்குள் இறங்கியவரின் சமூக நிலையை மாற்றிவிடவில்லை.

மூலக்கூறுகளின் காலம்

1926இல் லியோபோல்டு ருசிக்கா புனுகின் மணத்துக்கு அடிப்படையான சிவெட்டோனின் அமைப்பைக் கண்டறிந்தார். பதினேழு கரியணுக்கள் கொண்ட வளையம் அது. அவ்வளவு பெரிய வளையம் நிலைத்திருக்காது என்று அதுவரை வேதியியலார் எண்ணியிருந்தனர். 1939இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் பூட்டனாண்டுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. செயற்கைப் புனுகுக்கு அப்போதே வழி திறந்தது. புனுகில் சிவெட்டோனோடு ஸ்காட்டோல் என்னும் பொருளும் சிறிதளவு உண்டு. மலத்தின் நாற்றத்துக்கு உரியதும் அதுவே. ஐரோப்பியத் தோல் சாலைகளில் தோலை மென்மையாக்க நாயின் எச்சமும் புறாவின் எச்சமும் பயன்பட்டு வந்தன. 1908 அளவில் ஓட்டோ ரோம் உருவாக்கிய நொதிப்பொருள் அவ்வழக்கத்தை முடித்துவைத்தது. நறுமணக்காரரின் குப்பியிலும் தோல்காரரின் தொட்டியிலும் ஒரே மூலக்கூறு இருந்திருக்கிறது.

குரோம் பதனீட்டுக்கு மாறிய பின் பாலாற்றுப் பகுதியின் வாடை பட்டையும் சுண்ணாம்பும் கலந்த பழைய வாடையாக இல்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டதைச் சுட்டியது. ஒரு கிலோ நிறைவுத்தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் தேவை என்பதும், குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் ஆளப்படுகின்றன என்பதும் அதில் பதிவாகியுள்ளன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் இத்தீர்ப்பால் வலுப்பெற்றது. தூய்மை, தீட்டு என்னும் பழஞ்சொற்களின் இடத்தில் மாசு என்னும் சொல் நீதிமன்றத்தில் அமர்ந்தது. இம்முறை வினா சாலையின் உடைமையாளரை நோக்கித் திரும்பியது. முன்பு அது உழைப்பவரின் உடலை நோக்கியே இருந்தது.

புனுகும் சட்டத்துக்கு உட்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் புனுகுப் பூனை இடம்பெற்றதால், கோயிலுக்காக அதை வளர்ப்பது வனத்துறை, மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஆகியவற்றின் அனுமதியோடு பிணைந்த விவகாரமாயிற்று. கூண்டில் இருக்கும் பூனையின் பெயர் முதன்முறையாக அரசின் கோப்பில் ஏறியது. ஒற்றியூரிலும் பிற தலங்களிலும் சாத்துபடிக்குக் கடைச்சரக்கே வருகிறது. அக்குப்பிகளில் உள்ளது சுரப்பியிலிருந்து வந்ததா, ஆய்வகத்திலிருந்து வந்ததா என்று அர்ச்சகரும் கேட்பதில்லை, அடியாரும் கேட்பதில்லை. ஜவ்வாது மலையின் புதர்களில் புனுகுப் பூனை இன்னும் இரவில் கற்களில் உரசிச் செல்கிறது. அடிவாரத்து ஊர்களில் ஆவாரம்பட்டை உரிப்போர் அருகிவிட்டனர்.